ஆங்கிலத்தில் அவை அஞ்சாமை

முன்னுரை

கற்றல் ஒரு கலை. கற்றதைக் கற்றோர் அவையில் எடுத்துரைத்தல் மற்றொரு கலை. முன்னது இருந்தும் பின்னது இல்லாதவரை மணம் வீசாத மலர்க்கொத்துக்கு ஒப்பிட்டார் திருவள்ளுவர். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை என்று மூன்று அதிகாரங்களை, அதாவது முப்பது குறட்பாக்களை, இந்த ஒரு பொருளுக்கென்றே அவர் ஒதுக்கியிருக்கிறார். அவையில் பேசுதல் அத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கல்லூரி மாணவராகிய நமக்கு இன்று அந்த அவை பெரும்பாலும் ஆங்கில அவையாகவே அமைந்துவிடுகிறது. வகுப்புக் கருத்தரங்கில் கட்டுரை வழங்க வேண்டும். இறுதியாண்டில் ஆய்வேட்டைத் தேர்வாளர் முன்னிலையில் விளக்க வேண்டும். படிப்பு முடிந்தால் வேலைக்கான நேர்முகத்தில் நம்மைப் பற்றி நாமே பேச வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்று வந்த நம்மில் பலருக்கு இம்மூன்றும் மூன்று மலைகளாகத் தோன்றுகின்றன. அம்மலைகளில் ஏறப் படிகள் உண்டா? உண்டு. அப்படிகளில் பெரும்பாலானவற்றை நம் முன்னோரே செதுக்கி வைத்திருக்கின்றனர். ஆங்கிலத்துக்கென்று நாம் தனியே கற்க வேண்டியவை சிலவே. இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அச்சம் எங்கே பிறக்கிறது?

எங்கள் ஊரைச் சேர்ந்த நண்பர் ஒருவர் வேலைக்காக ஒரு தொழிற்சாலையின் நேர்முகத் தேர்வுக்குச் சென்றார். எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். நேர்முகத்தில் அவரிடம் கேட்கப்பட்டது ஒன்றே ஒன்று: 'உங்கள் ஊரைப் பற்றி இரண்டு நிமிடம் ஆங்கிலத்தில் பேசுங்கள்.' அவருடைய ஊர் குன்றத்தூர். சேக்கிழார் பிறந்த ஊர். குன்றின் மேல் முருகன் கோயில் கொண்ட ஊர். பக்கத்திலேயே சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி. தமிழில் கேட்டிருந்தால் இரண்டு மணி நேரம் பேசியிருப்பார். ஆங்கிலத்தில் ஊரின் பெயரைச் சொன்னதோடு அவர் நா நின்றுவிட்டது. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அவருக்கு என்ன குறை? பொருளறிவு இல்லையா? இருந்தது. ஆங்கிலச் சொற்கள் தெரியாதா? ஊர், கோயில், ஏரி, கவிஞர், தெரு என்னும் பொருள் தரும் ஆங்கிலச் சொற்கள் ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் தெரியும். எதை முதலில் சொல்வது, எதில் முடிப்பது என்ற ஒழுங்கு அந்த நொடியில் அவர் கைவசம் இல்லை. தெரிந்த சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகிய பழக்கமும் இல்லை. நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் படிக்கிறோம், கையால் எழுதுகிறோம், நாவால் பயில்வதில்லை. நீச்சலைப் புத்தகத்தில் படித்தவன் கிணற்றடியில் நிற்பது போன்றது நம் நிலை.

ஆகவே, அச்சத்தின் வேர் அறியாமையில் இல்லை, பழகாமையில் இருக்கிறது. இதைத் தெளிந்துகொண்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும்.

அரங்கேற்றம் சொல்லும் பாடம்

அந்த நண்பர் சொல்லாமல் விட்ட ஊர்ப் பெருமையிலேயே நமக்கு வேண்டிய முதற்பாடம் இருக்கிறது. குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் அநபாய சோழனிடம் அமைச்சராக இருந்தார். சோழநாட்டுத் திருநாகேச்சுரத்தின் மீது கொண்ட பற்றினால் தம் ஊரிலும் ஒரு திருநாகேச்சுரத்தை எழுப்பினார். அவர் இயற்றிய பெரிய புராணம் தில்லையில் ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேறியது என்றும், ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கி அடுத்த சித்திரைத் திருவாதிரை வரை நாள்தோறும் அவர் அதற்குப் பொருள் விரித்தார் என்றும் மரபு கூறும்.

ஓராண்டுக் காலம் ஓர் அவையை அமர்த்தி வைத்திருந்த அந்தப் பேச்சின் அடிப்படை எது? சுந்தரமூர்த்தி நாயனார் பாடிய திருத்தொண்டத்தொகை. அதில் இருப்பவை பதினொரு பாடல்களே. அடியார் ஒவ்வொருவரையும் ஓரிரு தொடர்களில் சுட்டிச் செல்லும் பட்டியல் அது. அதை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக வகுத்தார். சேக்கிழார் நான்காயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களாக விரித்தார். தொகை, வகை, விரி என்று நம் முன்னோர் சொன்ன முறை இதுதான்.

பேச்சுக்கு ஆயத்தம் செய்யும் எவரும் இந்த முறையைக் கைக்கொள்ளலாம். முதலில் தொகை: சொல்லப்போகும் முழுப் பொருளும் ஒரே வாக்கியத்தில். அடுத்து வகை: அந்த ஒரு வாக்கியத்தின் மூன்று அல்லது நான்கு பிரிவுகள். கடைசியில் விரி: ஒவ்வொரு பிரிவுக்கும் சான்று, எண், எடுத்துக்காட்டு. நம்மில் பலர் விரியிலிருந்து தொடங்குகிறோம். நூலகத்திலும் கைப்பேசியிலும் கிடைத்ததையெல்லாம் பத்துப் பக்கங்களுக்கு எழுதிவிட்டுப் பிறகு தொகையைத் தேடுகிறோம். அவ்வாறு எழுந்த பேச்சு எந்த மொழியில் அமைந்தாலும் கேட்போர் மனத்தில் நிற்காது.

நன்னூலார் காட்டும் குற்றங்கள்

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் எண்ணிக் காட்டுகிறார். எழுதப்படும் நூலுக்கென அவர் சொன்னவை கருத்தரங்க மேடைக்கும் அப்படியே பொருந்துவதைக் காணலாம்.

குன்றக் கூறல்: இருபது நிமிடம் ஒதுக்கியிருக்க, நான்கு நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்கிவிடுவது. மிகைபடக் கூறல்: மணி அடித்த பிறகும் இறங்காதது. கூறியது கூறல்: அடுத்த சொல் வரும்வரை முந்தைய வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொல்வது. மற்றொன்று விரித்தல்: பொருளை விட்டுவிட்டு அவையிலுள்ள பெரியோர் ஒவ்வொருவரையும் விளித்து வணங்குவதிலேயே நேரத்தைக் கழிப்பது. சென்று தேய்ந்து இறுதல்: முழக்கத்தோடு தொடங்கி, போகப் போகக் குரல் தாழ்ந்து, கடைசியில் 'தட்ஸ் ஆல்' என்று முனகிவிட்டு அமர்வது. கடைசியாகச் சொன்ன இந்தக் குற்றத்தை நம் வகுப்பறைகளில் வாரந்தோறும் காண்கிறோம்.

அழகுகளுள் நமக்கு மிகவும் வேண்டியவை மூன்று: சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல், விளங்கும் உதாரணம் காட்டல். இம்மூன்றுக்கும் ஆங்கிலப் புலமை தேவையில்லை. தெளிந்த சிந்தனை போதும்.

இன்னொன்றும் உண்டு. பரிமேலழகர் திருக்குறளுக்கு உரை எழுதும்போது, ஓர் அதிகாரத்தை முடித்து அடுத்ததற்குச் செல்லுமுன் இது ஏன் இங்கே வைக்கப்பட்டது என்று அதன் வைப்புமுறையைச் சொல்லிச் செல்வார். படிப்பவன் வழி தவறுவதில்லை. ஆங்கிலப் பேச்சில் இந்தப் பணியைச் செய்பவை 'ஃபர்ஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'ஆன் தி அதர் ஹேண்ட்', 'ஃபைனலி' போன்ற சிறு தொடர்கள். ஏட்டைப் படிப்பவர் பின்னோக்கிப் புரட்டிப் பார்க்கலாம். கேட்பவர் அவ்வாறு செய்ய இயலாது. எனவே, எங்கே இருக்கிறோம், எங்கே போகிறோம் என்பதை அடிக்கடி சொல்லிவருவது பேசுவோர் கடமை.

வினைச்சொல் வரும் இடம்

இதுவரை கூறியவை எம்மொழிக்கும் பொது. இனி, தமிழர் ஆங்கிலம் பேசும்போது எதிர்ப்படும் தனி இடர்களைக் காண்போம்.

முதல் இடர் வாக்கிய அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். தமிழில் பெயரை விளக்கும் சொற்களெல்லாம் பெயருக்கு முன்னே அணிவகுக்கும். ஆங்கிலத்தில் நீண்ட விளக்கம் பெயருக்குப் பின்னே வரும். 'ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் ஆற்றங்கரையில் இருந்த வீடுகளுக்குள் புகுந்தது' என்ற தமிழ் வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதை மனத்துக்குள் முழுவதும் அமைத்துக்கொண்டு ஆங்கிலமாக்க முயல்பவர், கடைசியில் இருப்பதை முன்னுக்கும் முன்னே இருப்பதைப் பின்னுக்கும் மாற்ற வேண்டியிருக்கிறது. மேடையில் நிற்கும்போது மனம் அவ்வளவு சுமையைத் தாங்குவதில்லை. பாதியில் நா தடுமாறுவது இதனால்தான்.

இதற்கு மருந்து எளிது: வாக்கியத்தை உடைத்துவிட வேண்டும். யார் அல்லது எது என்பதை முதலில் சொல்லி, என்ன செய்தது என்பதை உடனே சொல்லிவிட வேண்டும். 'வாட்டர் வாஸ் ரிலீஸ்ட் ஃப்ரம் தி லேக். இட் ஃப்ளோட் இன்ட்டு தி ரிவர். இட் என்டர்ட் தி ஹவுசஸ்.' மூன்று சிறு வாக்கியங்கள். மூன்றிலும் எழுவாயை அடுத்து வினை. இலக்கணப் பிழைக்கு இங்கே இடமே குறைவு. கேட்பவருக்கும் எளிது. சிறு வாக்கியம் பேசுவது சிறுமை என்று எண்ணுவோர் உளர். எழுத்துக்கு நீண்ட வாக்கியம் அழகாகலாம். பேச்சுக்குச் சிறு வாக்கியமே வலிமை.

ஒலியும் அழுத்தமும்

இரண்டாவது இடர் ஒலிப்பில் இருக்கிறது. 'உங்கள் உச்சரிப்பு சரியில்லை' என்று கேட்டுக் குறுகிப்போகிற மாணவர்கள் ஒன்றை உணர வேண்டும். நம் நா ஆங்கிலத்தில் இடறும் இடங்களுள் பலவற்றுக்குக் காரணம் நம் தாய்மொழியின் இலக்கணத்திலேயே இருக்கிறது. காரணம் தெரிந்தால் திருத்தம் தானே வரும்.

நன்னூல்படி தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்கக்கூடிய எழுத்துகள் இருபத்து நான்கு: பன்னிரண்டு உயிர், பதினொரு மெய், ஒரு குற்றியலுகரம். அந்தப் பதினொரு மெய்யில் வல்லினம் ஒன்றுகூட இல்லை. ஆகவே க், ட், ப் போன்ற ஒலிகளில் முடியும் ஆங்கிலச் சொல் வந்தால் நம் நா தானாகவே ஓர் உகரத்தைச் சேர்க்கிறது. 'புக்' என்பது 'புக்கு' ஆகிறது, 'கேட்' என்பது 'கேட்டு' ஆகிறது. இது சோம்பல் அன்று. ஈராயிரம் ஆண்டுப் பழக்கம். சொல்லின் முடிவில் வாயை மூடி நிறுத்திப் பழகினால் சில வாரங்களில் மாறிவிடும்.

தமிழில் ககரம் ஒரே எழுத்து. சொல்லின் முதலில் வலித்தும் மெல்லெழுத்தை அடுத்து மெலிந்தும் ஒலிக்கும். இடத்தை வைத்தே ஒலியை அறிகிறோம். ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு எழுத்துகள், பொருளும் வேறு. சட்டைக்கு மேல் அணிவதும் 'கோட்', வெள்ளாடும் 'கோட்'. நம் எழுத்தில் வேறுபாடு இல்லை, ஆங்கிலக் காதில் உண்டு. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஆட்டைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியில் அதிர்வு தெரியும், அணிவதைக் குறிக்கும் சொல்லின் முதல் ஒலியில் தெரியாது.

சொல்லின் முதலில் வரும் எகரத்துக்கு முன் யகரத்தையும் ஒகரத்துக்கு முன் வகரத்தையும் சேர்ப்பது நம் பேச்சு வழக்கு. 'எம்.ஏ.' என்பதை 'யெம்.யே.' என்கிறோம், 'ஒன்லி' என்பதை 'வொன்லி' என்கிறோம். இதையும் கவனித்தால் தவிர்க்கலாம்.

ஒலிகள் பிறக்கும் இடங்களைத் தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்துக் காட்டுகிறார். இதழ் இரண்டும் இயைந்தால் பகரமும் மகரமும்; பல்லும் இதழும் இயைந்தால் வகரம். அந்தப் பல்லிதழ் நிலையிலேயே அதிர்வின்றிக் காற்றை விட்டால் ஆங்கிலத்தின் ஃபகரம் வந்துவிடுகிறது! 'ஃபேன்' என்பதைப் 'பேன்' என்று சொல்லித் தலையைச் சொறிய வைக்கும் சங்கடம் இந்த ஒரு நூற்பாவை நினைவில் கொண்டால் தீரும்.

இவற்றைவிட முக்கியமானது அசையழுத்தம். தமிழில் அசைகளை ஏறத்தாழ ஒரே சீராக ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும், மற்றவை அடங்கும். அழுத்தம் இடம் மாறினால் பொருளே மாறுவதும் உண்டு. 'ரெக்கார்ட்' என்பதில் முதல் அசையை அழுத்தினால் அது பதிவேடு என்னும் பெயர்ச்சொல். இரண்டாம் அசையை அழுத்தினால் பதிவு செய்தல் என்னும் வினைச்சொல். 'ஃபோட்டோகிராஃப்' என்பதில் முதல் அசை ஓங்கும். அதிலிருந்து பிறந்த 'ஃபொட்டாகிரஃபர்' என்பதில் இரண்டாம் அசை ஓங்கும். ஓர் ஒலியைச் சற்றே பிசகிச் சொன்னாலும் ஆங்கிலம் அறிந்தவர் புரிந்துகொள்வர். அழுத்தம் பிசகினால் விழிப்பர். எனவே, பேச்சில் அடிக்கடி வரும் பத்துப் பன்னிரண்டு முக்கியச் சொற்களுக்கு அகராதியில் அழுத்தக் குறியைப் பார்த்து வைத்துக்கொள்வது நலம்.

மனப்பாடமா, குறிப்பா?

அச்சம் மிகுந்தவர் முதலில் நாடுவது மனப்பாடம். ஆனால் அது கயிற்றின் மேல் நடப்பது போன்றது. ஓர் அடி தவறினால் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கும் இதுவே நிலை. வின்ஸ்டன் சர்ச்சில் இளமையில் தம் பேச்சுகளை மனப்பாடம் செய்துகொண்டு சென்று பேசி வந்தார். 1904ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசிக்கொண்டிருக்கையில், ஒரு வாக்கியத்தின் நடுவே அடுத்த சொல் நினைவுக்கு வராமல் திகைத்து நின்று, அப்படியே அமர்ந்துவிட்டார். அதன்பின் அவர் விரிவான குறிப்புகள் இல்லாமல் அவையில் எழுந்ததில்லை என்பர். உலகப் பேச்சாளர்களுள் ஒருவராகப் போற்றப்படுபவருக்கே குறிப்பு வேண்டியிருந்தது. நாம் கையில் குறிப்புச் சீட்டு வைத்துக்கொள்ள நாணுவானேன்?

முழுக் கட்டுரையையும் தாளில் எழுதி வாசிப்பதும் நன்றன்று. கண் தாளில் இருந்தால் குரலும் தாளிலேயே இருக்கும். இக்காலத்தில் திரையில் படங்களையும் வாக்கியங்களையும் காட்டும் வசதி வந்திருக்கிறது. பலர் அந்தத் திரையை நோக்கித் திரும்பி நின்று, அதிலுள்ளதை எழுத்தெழுத்தாக வாசிக்கின்றனர். அவையோருக்கும் படிக்கத் தெரியுமே! திரையில் நான்கு சொற்கள் இருக்கட்டும்; நாற்பது சொற்கள் நம் வாயில் இருக்கட்டும்.

உள்ளங்கையளவு அட்டையில் பிரிவின் தலைப்புகள், எண்கள், ஆண்டுகள் ஆகியவற்றை மட்டும் எழுதிக்கொள்வது போதும். முதல் இரண்டு வாக்கியங்களையும் கடைசி இரண்டு வாக்கியங்களையும் மட்டும் நெட்டுருச் செய்யலாம். இதயம் படபடத்து வாய் உலரும் முதல் அரை நிமிடத்தைக் கடக்க அது உதவும். எழுந்தவுடன் பேசத் தொடங்காமல், ஒருமுறை மூச்சை மெல்ல வெளிவிட்டு, அவையைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வேகத்தையும் கட்டுப்படுத்த வேண்டும். நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது சொற்கள் என்ற அளவில் பேசினால் நமக்கும் எளிது, கேட்போர்க்கும் தெளிவு.

முன்னோடிகள் இருவர்

நம் மண்ணில் பிறந்து ஆங்கில அவைகளை ஆண்ட இருவரை இங்கே நினைவுகூர்தல் தகும்.

முதலாமவர் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். 1869இல் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்து, கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பயின்றவர். ஆம், அவரும் நம்மைப் போல் அரசுக் கல்லூரி மாணவரே! சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக விளங்கியவர். 1921இல் லண்டனில் நடந்த பேரரசு மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்துகொண்டார். 1927இல் தென்னாப்பிரிக்காவுக்கான இந்திய அரசின் முதல் பிரதிநிதியாகச் சென்றார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானார். ஆங்கிலேயரே அவரை 'வெள்ளி நாவினர்' என்று பாராட்டினர். காந்தியடிகளின் தன்வரலாற்று நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் செப்பம் செய்தவர் இவரே என்பர். ஆங்கில மண்ணை மிதிக்கும் முன்பே, காவிரிக்கரையிலும் திருவல்லிக்கேணி வகுப்பறையிலும் அவர் தம் ஆங்கிலத்தைத் தீட்டிக்கொண்டார் என்பது நாம் எண்ணிப் பார்க்கத் தக்கது.

இரண்டாமவர் நம் மாவட்டத்துக் காஞ்சியில், நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த பேரறிஞர் அண்ணா. பச்சையப்பன் கல்லூரியில் பயின்றவர். தமிழ் மேடையில் அடுக்குமொழியால் மக்களை ஈர்த்தவர், 1962இல் மாநிலங்களவையில் உறுப்பினராகி ஆங்கிலத்தில் வாதிட்டபோது மாற்றுக் கட்சியினரும் செவிசாய்த்தனர். 1968இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தது. ஆங்கில இணைப்புச் சொல் ஒன்றை மும்முறை அடுக்கி அவர் வாக்கியம் அமைத்ததாக ஒரு கதை மாணவரிடையே பெரிதும் வழங்குகிறது. அந்த வித்தையை வியப்பதைவிட, வாதத்தை அடுக்கும் முறையையும் எதிர்ப்பவரையும் மதித்துப் பேசும் பண்பையும் அவரிடம் கற்பது நமக்கு மிகுந்த பயன் தரும். அவர் ஆங்கில அவைக்கு எடுத்துச் சென்றது தமிழ் மேடையில் பெற்ற பயிற்சியையே.

ஒரு மாதிரிப் பேச்சு

சொன்னதைச் செய்து காட்ட, செம்பரம்பாக்கம் ஏரியைப் பற்றி ஒரு பத்து நிமிடப் பேச்சை அமைத்துப் பார்ப்போம்.

தொகை: 'செம்பரம்பாக்கம் ஏரி சென்னைக்கு நீர் தருகிறது, அதை நாம் அறிந்து காக்காவிட்டால் அதே நீர் ஊருக்குள் வரும்.' இதுவே முழுப் பேச்சின் ஒரே வாக்கியம்.

வகை மூன்று: ஏரியின் அளவு, ஏரியின் பயன், 2015 வெள்ளம் தந்த பாடம்.

விரி: ஏரியின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. 2015 டிசம்பர் முதல் நாளில் அதிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. மற்ற ஏரிகளின் உபரி நீரும் சேர, அடையாறு கரைபுரண்டது.

இந்த எண்களைப் பேச்சில் சொல்லும் முறை வேறு. 3,645 மில்லியன் என்று ஆங்கிலத்தில் நீட்டிச் சொன்னால் சொல்பவர் நாவும் இடறும், கேட்பவர் காதும் மறக்கும். 'மோர் தேன் த்ரீ அண்ட் எ ஹாஃப் தௌசண்ட் மில்லியன் கியூபிக் ஃபீட்' என்று முழுமையாக்கிச் சொல்லலாம். சரியான எண்ணைத் திரையில் காட்டலாம். இருபத்து நான்கு அடி என்பதை வெறும் எண்ணாக விடாமல், 'அஸ் ஹை அஸ் எ டூ-ஸ்டோரி ஹவுஸ்' என்று இரண்டடுக்கு வீட்டுக்கு ஒப்பிட்டால் அது கண்முன் நிற்கும். நன்னூலார் சொன்ன விளங்கும் உதாரணம் இதுவே.

தொடக்கம் எப்படி அமையலாம்? நீண்ட விளிகளை ஒரே 'குட் மார்னிங்'கில் அடக்கிவிட்டு, 'வேர் டஸ் தி வாட்டர் இன் யுவர் கிளாஸ் கம் ஃப்ரம்?' என்று கேட்டுப் பாருங்கள். அவையோர் நிமிர்ந்து உட்காருவர். முடிவில் அந்தத் தொகை வாக்கியத்தையே மீண்டும் தெளிவாகச் சொல்லி, 'தேங்க் யூ' என்று நிறுத்திவிடுங்கள்.

வினாக்களை எதிர்கொள்ளல்

பேச்சு முடிந்ததும் வரும் வினாக்களுக்கே பலர் அதிகம் அஞ்சுகின்றனர். அவையில் அஞ்சாமல் மறுமொழி கூறும் பொருட்டே முறையாகக் கற்க வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. ஆகவே வினாவும் ஆயத்தத்தின் ஒரு பகுதி. கேட்கக்கூடிய ஐந்து வினாக்களை முன்கூட்டியே எழுதி, விடையை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வினா புரியாவிட்டால் 'குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தி கொஸ்டின்?' என்று கேட்பதில் இழுக்கில்லை. புரிந்த வினாவை நம் சொற்களில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிட்டு விடையளித்தால், அவையோர் அனைவருக்கும் அது தெளிவாகும். சிந்திக்க நமக்கும் சில நொடிகள் கிடைக்கும். விடை தெரியாதபோது தெரியாது என்று நிமிர்ந்து சொல்வதும் ஒரு நல்ல விடையே.

பயிற்சிக்குப் பணம் தேவையில்லை. எங்கள் ஊரில் நாங்கள் ஐவர் சனிக்கிழமை மாலைகளில் முருகன் கோயில் அடிவாரத்தில் கூடுகிறோம். ஒருவர் மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். மற்றவர் ஆளுக்கொரு வினா கேட்க வேண்டும். பேசும்போது யாரும் திருத்தக் கூடாது. முடிந்த பின் ஒரே ஒரு குறையை மட்டும் சொல்ல வேண்டும். பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். இவையே எங்கள் விதிகள். நேர்முகத்தில் நா நின்றுபோன அந்த நண்பரும் எங்களுள் ஒருவர். குன்றத்தூரைப் பற்றி அவர் இப்போது நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவதில்லை! தமிழக அரசு 2022இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்திலும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி இடம்பெற்றிருக்கிறது. அதையும் நாம் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் எந்தத் திட்டமும் நமக்காக வாய் திறக்காது.

முடிவுரை

ஆங்கிலத்தில் பேசுதல் என்பது ஆங்கிலேயராக நடித்தல் அன்று. பொருளைத் தொகுத்து, வகுத்து, விரித்தல். குற்றம் பத்தும் களைதல். சிறு வாக்கியமாகச் சொல்லுதல். அழுத்தம் அறிந்து ஒலித்தல். நாள்தோறும் நாவால் பழகுதல் ஆகிய இவ்வைந்தும் கைவரப் பெற்றால் எந்த அவையும் நமக்கு அயலவை ஆகாது. இவற்றுள் பெரும்பகுதி தமிழ் நமக்கு ஏற்கெனவே தந்திருக்கும் செல்வம். தமிழை நன்கு பேசத் தெரிந்தவன் ஆங்கில மேடையில் வெறுங்கையோடு நிற்பதில்லை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள்: வாரத்தில் ஒரு மணி நேரமேனும், மதிப்பெண் என்ற அச்சமின்றி நாங்கள் தடுமாறிப் பேசிப் பழக வகுப்பறையில் இடம் தாருங்கள். மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தடுமாறுபவரைப் பார்த்து நகையாதீர்கள். இன்று நம் சிரிப்புக்கு அஞ்சி வாய் மூடுபவர், நாளை வேலை தருவோர் முன்னிலையிலும் வாய் மூடியே நிற்பார். அவர் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்பதே நாம் அவருக்குச் செய்யக்கூடிய முதல் உதவி.